மச்சான் வீட்டுச் சாணி கேஸ்

எனக்கு என் மச்சானைப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். பிடிக்காமல் போவதற்கு அவர் இன்றுவரை ஒரு காரணமும் கொடுத்ததில்லை. குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், யாரையும் எடுத்தெறிந்து பேச மாட்டார். ஒரு மனிதர் இப்படி எல்லாப் பக்கமும் அடைத்து வைத்திருந்தால் அவர் மேல் பொறாமைப்படுகிறவன் எந்த வழியாக உள்ளே போவது? அவர் கொல்லையில் சாணி கேஸ் தொட்டி கட்டிய வருடம்தான் எனக்கு வழி கிடைத்தது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற ரோட்டில், பரங்கிப்பேட்டைக்குத் திரும்புகிற இடத்தைத் தாண்டி உள்ளே போனால் அவர் ஊர். ஐந்து மாடு, கொஞ்சம் நிலம், அதற்கு மேல் ஊரெல்லாம் நல்ல பெயர். நான் சிதம்பரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். வீடு பக்கத்துக் கிராமத்தில். அப்பா விட்டுப்போன நிலம் கொஞ்சம் இருக்கிறது, கொட்டகையில் இரண்டு மாடு நிற்கின்றன. இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டு போர் மோட்டார் எரிந்தாலும் முதலில் என் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்.

ஆனால் இந்தப் பெருமை என் வீட்டு வாசலோடு நின்றுவிடும். உள்ளே நுழைந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் அளவு மச்சான்தான். சாம்பாரில் உப்பு சரியாக அமைந்தால், "எங்கண்ணனுக்கு இந்தப் பதம்தான் புடிக்கும்" என்பாள் என் மனைவி. நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றால், "இதே கலர்ல அண்ணன் ஒன்னு வச்சிருக்கு" என்பாள். ஒருமுறை நான் காய்ச்சலில் போர்த்திக்கொண்டு கிடந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் பத்துப் போட்டபடியே, அவள் அண்ணனுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சல் எவ்வளவு பெரிய காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காய்ச்சலில்கூட எனக்கு இரண்டாவது இடம்தான்.

அவள் பக்கம் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, தங்கையை வளர்த்தவர் அவர். படிக்க வைத்தார், நகை போட்டார், எனக்குக் கட்டிக்கொடுத்தார். எனக்கு வாய்த்த மனைவியே அவர் உழைப்பில் வந்தவள்தான். இவ்வளவு நியாயத்தையும் எதிரில் நிறுத்திவைத்துக்கொண்டு ஒருவர் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். நான் கஷ்டப்பட்டுத்தான் பொறாமைப்பட்டேன்.

தொட்டி கட்டி முடித்தவுடன் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். போனோம். கொட்டகைக்குப் பின்னால் சிமெண்ட் பூசிய ஒரு சின்னத் தொட்டி. அதில் சாணியையும் தண்ணீரையும் சரிக்குச் சரி ஊற்றிக் கரைத்துவிட்டால் அது குழாய் வழியாக மண்ணுக்குள் இருக்கிற பெரிய தொட்டிக்குப் போய்விடும். உள்ளே அது புளித்து நுரைத்து கேஸாக மேலே ஏறும். கேஸ் ஒரு குழாயில் சமையலறைக்குப் போகும், தீர்ந்த சாணி மறுபக்கம் வழிந்து வயலுக்குப் போகும். மச்சான் இதையெல்லாம் சொல்லும்போது நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

சமையலறையில் மச்சானின் மனைவி குமிழைத் திருப்பினார். நீலமாக எரிந்தது. புகை இல்லை, நாற்றம் இல்லை. என் மனைவி அடுப்புக்கு முன்னால் குனிந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எங்கண்ணன் சாணியிலேருந்தே நெருப்பு கொண்டாந்துடுச்சி பாருங்க" என்றாள் என்னிடம்.

மச்சான் கூச்சப்பட்டார். "நீ ஒன்னு. மாப்ள மெக்கானிக்கு. அவுருக்குத் தெரியாததா இது?" என்றார்.

இந்த மாதிரி ஆட்களோடு எப்படிச் சண்டை போடுவது? அடித்தாலாவது திருப்பி அடிக்கலாம். அவர் போட்ட காபியைக் குடித்தேன். நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

திரும்பி வரும்போது பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் அந்த அடுப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். எதிர்க்காற்றில் பாதி கேட்கவில்லை, ஆனால் 'அண்ணன்' என்ற சொல் மட்டும் ஒவ்வொரு தடவையும் தெளிவாகக் கேட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அந்த நீல நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் கல்யாண நாளுக்குக்கூட அவள் ஸ்டேட்டஸ் வைத்ததில்லை.

எனக்கு வேண்டியிருந்தது கேஸ் அல்ல. வீட்டில் சிலிண்டர் இருந்தது. ஒரே ஒரு தடவை, அவள் 'எங்கண்ணன்' என்று சொல்கிற அதே குரலில், 'எங்க வீட்டுக்காரரு' என்று ஆரம்பித்து ஏதாவது சொல்ல வேண்டும். அதற்காக நானும் ஒரு சாணி கேஸ் தொட்டி போடுவது என்று முடிவு செய்தேன். மச்சான் தொட்டியைவிட நன்றாக எரிய வேண்டும், மச்சானிடம் எதையும் கேட்கக் கூடாது. இவ்வளவுதான் திட்டம்.

சிதம்பரத்தில் ஒரு பழைய லாட்ஜை இடித்தபோது மொட்டைமாடியில் இருந்த பிளாஸ்டிக் தண்ணித் தொட்டிகள் இரண்டைக் கேட்டு வாங்கிவந்தேன். பெரியதின் வாயை அறுத்து, இடுப்பளவு குழிக்குள் இறக்கினேன். சின்னதைத் தலைகீழாக அதற்குள் கவிழ்த்தேன். கேஸ் உண்டாக உண்டாகச் சின்னத் தொட்டி மூடிபோல மேலே ஏறும், செலவாக ஆகக் கீழே இறங்கும். மூடி சாய்ந்துவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் இரும்புக் குழாயில் சட்டம் அடித்தேன். வால்வு, ரப்பர் குழாய், பழைய ஒற்றை அடுப்பு. மச்சானுடையது கொத்தனார் கட்டியது. என்னுடையது நானே செய்தது. இந்த வித்தியாசத்தை என் மனைவி கவனிக்கிறாளா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்தேன்.

"அண்ணன ஒரு வார்த்த கேட்டுக்கலாமே" என்றாள்.

"இதுல கேக்கறதுக்கு என்னா இருக்கு?"

அவள் போய்க் கேட்டுவிட்டாள் போலிருக்கிறது. அன்று சாயங்காலமே மச்சான் போன் செய்தார். "மாப்ள, புதுத் தொட்டியில கேஸ் புடிக்கறதுக்கு நாளாவும். என் தொட்டியிலேருந்து ஒரு டிரம் கரைசல் எடுத்து ஊத்திக்கிங்க. சீக்கிரம் புடிச்சிக்கும்."

"வேணாம் மச்சான். பாத்துக்கறேன்."

போனை வைத்ததும் என் மனைவி கேட்டாள். "ஏன் வேணாம்ங்கறீங்க? பாலுக்கு ஒற ஊத்தற மாரிதான அது?"

"எங்க வீட்டுப் பாலு தானா தோயும்."

"தானா தோயாதுங்க. திரிஞ்சிதான் போவும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த சிக்கல் மாடு. அவரிடம் ஐந்து, என்னிடம் இரண்டு. என் இரண்டும் பெரிதாகத் தின்கிற ஜாதியும் இல்லை. சாணியோடு பயிர்க் கழிவையும் சேர்த்துப் போட்டால் கேஸ் ஜாஸ்தி வரும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். சந்தோஷத்தில் குதித்தேன். மச்சான் வெறும் சாணிதான் போடுகிறார்! வயலில் மிஷின் அறுத்துப் போட்ட வைக்கோல் கிடக்கிறது. போன வருடம் உளுந்து அடித்த பிறகு மிஞ்சிய கொடி, மழையில் நனைந்து கறுத்துப்போய், மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற நிலையில் களத்தில் குவிந்து கிடக்கிறது. எல்லாம் என் கேஸ்தான். அந்த வீடியோவை நான் முழுதாகப் பார்க்கவில்லை. பாதியிலேயே எழுந்து களத்துக்குப் போய்விட்டேன்.

வைக்கோலைக் கட்டுக் கட்டாகத் தூக்கி உள்ளே திணித்தேன். உளுந்துக் கொடியை அப்படியே அமுக்கினேன். அதன் மேல் சாணிக் கரைசல். மச்சான் வீட்டில் ஒரு வேளை எரிந்தால் என் வீட்டில் மூன்று வேளை எரிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அமுக்கினேன்.

தினமும் கடைக்குப் போவதற்கு முன் மூடியைப் பார்ப்பேன், வந்ததும் பார்ப்பேன். சில வாரம் அசையவில்லை. பிறகு ஒரு காலையில் பார்க்கிறேன், மூடி ஒரு முழம் மேலே வந்து நிற்கிறது. கையை வைத்து அழுத்தினால் மெத்தை மாதிரி அமுங்கியது. உள்ளே கேஸ்! அந்தச் சந்தோஷத்தில் நான் செய்த முதல் காரியம் மச்சானுக்குப் போன் செய்ததுதான். நானாக அவருக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"மச்சான், வெள்ளிக்கெழம பால் காச்சறோம். நீங்க இல்லாம எப்புடி? அக்காவையும் கூப்ட்டுக்குனு வந்துடுங்க." என் குரல் எனக்கே அவ்வளவு இனிப்பாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் புது அடுப்பு என்றால் அதில் முதலில் பால்தான் காய்ச்சுவோம். அது பொங்கி வழிந்தால்தான் அந்த அடுப்பு அந்த வீட்டு அடுப்பு. நான் காலண்டரில் நல்ல நேரம் பார்த்து, அடுப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வால்வுக்கு ஒரு முழம் பூவும் சுற்றினேன். மச்சானும் அவர் மனைவியும் வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டிருந்தேன். பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் என்ன நெருப்பு? என் மனைவி புதுப் பாத்திரத்தில் பாலோடு நின்றாள். அவள் அண்ணன் வீட்டில் பார்த்த முகம் இல்லை அது. எரியட்டும், பார்க்கலாம் என்கிற முகம். அதுவும் சரிதான், எரிந்தவுடன் மாறும் என்று நினைத்துக்கொண்டேன்.

வால்வைத் திறந்தேன். உஸ் என்று சத்தம் வந்தது. தீக்குச்சியைக் கிழித்துக் கிட்டே கொண்டுபோனேன். அணைந்தது. காற்று என்றேன். இன்னொரு குச்சி. அணைந்தது. யாரோ வாயால் ஊதினதுபோல அணைந்தது. ஃபேனை நிறுத்தச் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னேன். ஒவ்வொரு குச்சியாக அணைந்து அணைந்து பெட்டியே காலியாகிவிட்டது. பக்கத்து வீட்டம்மா ராகுகாலம் வரப்போகிறது என்று நினைவுபடுத்தினார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்படவாவது முடிந்திருக்கும்.

மச்சான் மெதுவாக என் காதருகே வந்தார். "மொதல்ல வர்ற கேஸு எரியாது மாப்ள. அத அப்புடியே தொறந்து வெளிய வுட்டுடணும். பொறவு வர்றதுதான் எரியும். எனக்கும் இப்புடித்தான் ஆச்சி."

கடைசியாகச் சொன்னது பொய். அவர் தொட்டியைக் கட்டிக்கொடுத்தவர்கள் பக்கத்தில் நின்று எல்லாம் சொல்லித்தான் பற்றவைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். பொய்யே சொல்லாத மனிதர், என் மானத்தைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னார். அதற்கும் நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டியதாகப் போயிற்று.

பாலைச் சிலிண்டர் அடுப்பிலேயே காய்ச்சினோம். மச்சான் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "பாலு நல்ல பாலு" என்றார். பொங்கல் வைத்துக் கொடுத்தோம், சாப்பிட்டார்கள், போனார்கள். என் மனைவி பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். வால்வில் சுற்றியிருந்த பூவை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. மச்சான் இறங்கினார். பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். நிறையச் சாணிக் கரைசல். டிரம்மின் மூடியில் மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வைத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, ரவிக்கைத் துணி. எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்கு எது வந்தாலும் வெறுமனே வராது, சீராகத்தான் வரும். அதற்காகச் சாணிக் கரைசலுக்கே சீர்த்தட்டு வைத்தவர்கள் இந்தக் கடலூர் மாவட்டத்திலேயே இவர்களாகத்தான் இருப்பார்கள்.

சீரைத் திருப்பி அனுப்ப முடியாது. திருப்பினால் உறவே முறிந்ததாக அர்த்தம். இது மச்சானுக்குத் தெரிந்துதான் இப்படிக் கொண்டுவந்தாரா, இல்லை அவர் வழக்கமான நல்ல மனதோடு கொண்டுவந்தாரா என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். தட்டை என் மனைவி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டிரம்மை நானும் மச்சானும் சேர்ந்து இறக்கினோம். அவர் மோர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் வண்டி தெருவைத் திரும்பியதும் நான் டிரம்மை உருட்டிக்கொண்டு போய்க் கொல்லையில் இருந்த தென்னை மரத்தடியில் கவிழ்த்தேன். முழுதும். ஏன் என்று கேட்டால் நேர்மையான பதில் ஒன்றுதான். அந்தக் கரைசலில் என் அடுப்பு எரிந்தால் அது அவர் நெருப்பு. என் அடுப்பில் அவர் நெருப்பு எரிவதை நான் தினமும் மூன்று வேளை பார்க்க வேண்டும். அதற்கு எரியாமலே கிடக்கட்டும்.

திரும்பினால் அவள் சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அது எங்கண்ணன் கொண்டாந்த சீரு" என்றாள். கத்தவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டாள். அதற்குப் பிறகு சாப்பாடு வந்தது, காபி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை.

அதே வாரம் மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்து சட்டத்தில் சிக்கி நின்றுவிட்டது. உள்ளே இருந்த கேஸை வெளியே திறந்துவிட்டு, மோட்டார் தூக்குகிற செயின் பிளாக்கைக் கொண்டுவந்து மூடியைத் தூக்கினேன். உள்ளே கரைசலே தெரியவில்லை. வைக்கோலும் உளுந்துக் கொடியும் பின்னிக்கொண்டு, மேலே மிதந்து, காய்ந்து, கோழி நடந்துபோகலாம்போல ஒரு பாய் விரித்திருந்தது. அதைத் தாண்டிக் கேஸ் எப்படி வரும்? அன்றைக்குத்தான் அந்த வீடியோவை முழுதாகப் பார்த்தேன். பயிர்க் கழிவை விரல் நீளத்துக்குப் பொடியாக நறுக்க வேண்டுமாம். மாட்டு மூத்திரத்திலும் தண்ணீரிலும் ஊறவைத்து, குழைந்த பிறகு, சாணியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஊற்ற வேண்டுமாம். கட்டுக் கட்டாகத் திணிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

கொக்கிக் கம்பை விட்டு அத்தனையையும் இழுத்து வெளியே போட்டேன். என்னிடமிருந்து வந்த நாற்றத்தில் நாய்கூட எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தது. கடையில் வாடிக்கைக்காரர் ஒருவர், "என்ன சார், எங்கயாவது விழுந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

நறுக்குவதற்கு மச்சானிடம் மிஷின் இருக்கிறது. புல்லை உள்ளே விட்டால் அந்தப் பக்கம் பொடியாகக் கொட்டும். கேட்டால் அன்றைக்கே குட்டியானையில் ஏற்றி, அதற்கும் பொட்டு வைத்து அனுப்பியிருப்பார். நான் வீட்டிலிருந்த அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்தேன். காயில் கட்டிப் பழகிய கை இது, மெல்லிய கம்பியைத் தொட்டுப் பழகியது. உளுந்துக் கொடி கம்பியைவிட மோசம். இரண்டு நாளில் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். விடவில்லை. கடையை மத்தியானத்தோடு சாத்திவிட்டு வந்து நறுக்குவேன். பொறாமைக்கு இருக்கிற உழைப்பு வேறு எதற்கும் கிடையாது.

ஒரு சாயங்காலம் என் மனைவி இன்னொரு அரிவாள்மணையைக் கொண்டுவந்து எனக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். நறுக்க ஆரம்பித்தாள். அவள் கை என் கையைவிட வேகம். ஒரு குவியல் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அந்த அடுப்ப நான் ஏன் அப்புடி பாத்தேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஒங்கண்ணன் வீட்டு அடுப்பு. வேற என்னா வேணும்?"

"அதில்ல. அம்மா போனப்பொறவு வீட்ல வெறகு அடுப்புதான். எனக்கு பொக ஆவாது, மூச்சு இழுக்கும். அண்ணன் என்னைய வாசப்படியில புஸ்தகத்தோட உக்கார வச்சிட்டு, அது உள்ள போயி அடுப்பு ஊதும். மழ நாள்ல ஈர வெறகு. பொகைக்குள்ள ஆளே தெரியாது, இருமல் சத்தந்தான் கேக்கும். வெளிய வந்து, கண்ணெல்லாம் செவந்து, தூசி வுழுந்துடுச்சின்னு சொல்லும். தெனம் தூசி வுழும்." அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அன்னிக்கி அந்த அடுப்ப பாத்தப்ப எனக்கு கேஸெல்லாம் தெரியல. அண்ணன் பொகையில்லாம நிக்கிறதுதான் தெரிஞ்சிது."

கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அவளுக்குப் புகை ஆகாது என்பதே எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அவள் வந்தபோதே சிலிண்டர் இருந்தது, அதனால் தெரிய வேண்டிய அவசியம் வரவில்லை. மச்சான் அடுப்பு ஊதிய வயதில் நான் அம்மா வைத்த குழம்பைக் குறை சொல்லிக்கொண்டு மட்டை எடுத்துக்கொண்டு விளையாடப் போய்க்கொண்டிருந்தேன். ஐந்து மாடு வைத்திருக்கிற மச்சானோடு போட்டி போடலாம். தொட்டிக்குத் தொட்டி, கேஸுக்குக் கேஸ். புகைக்குள் உட்கார்ந்து இருமுகிறவரோடு எதை வைத்துப் போட்டி போடுவது? எனக்கு மனம் இளகியது என்று எழுத ஆசைதான். இளகியது, ஆனால் பொறாமை போகவில்லை. முன்பு அவரிடம் இருந்த தொட்டி மேல் இருந்தது, இப்போது அவருடைய இருமல் மேலும் வந்தது.

நறுக்கியதை ஒரு பழைய தொட்டியில் ஊறவைத்தோம். குழைந்ததும் அள்ளி, சாணியோடு கரைத்து, அளவாக ஊற்றினோம். நான் கரைப்பேன், அவள் தண்ணீர் விடுவாள். கட்டி இருந்தால் அவளே கையை விட்டு நசுக்குவாள். பேச்சும் திரும்ப வந்துவிட்டது. அண்ணன் பேச்சும்தான். பங்குனி வெயில் ஏறியது. சூடு ஏறினால் தொட்டி வேகமாகப் பிடிக்கும் என்று வீடியோவில் சொன்னது சரியாக இருந்தது. மூடி மறுபடி மேலே வந்தது. இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. முதல் கேஸை வால்வைத் திறந்து அப்படியே காற்றில் விட்டேன். அது போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம்.

பிறகு தினமும் சாயங்காலம், நான் கடையிலிருந்து வந்து கைகால் கழுவியதும், ஒரு குச்சி கிழித்துப் பார்ப்பேன். அணையும். சரி, நாளைக்கு. மறுநாள் அணையும். சில நாள் குச்சியின் நெருப்பு அணைவதற்கு முன் கொஞ்சம் தடுமாறும், அது நல்ல அறிகுறியா என்று இருவரும் பேசுவோம். சமையல் வேலையை விட்டுவிட்டு அவளும் வந்து நிற்க ஆரம்பித்திருந்தாள். குச்சி அணையும்போது அவள் 'ச்சே' என்று சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. அது என் பக்கம் நின்று சொன்ன 'ச்சே'.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரம். நல்ல நேரமா கெட்ட நேரமா என்று பார்க்கவில்லை. கடையில் ஒரு மோட்டாரோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய் வந்திருந்தேன். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. குமிழைத் திருப்பி, குச்சியைக் கிழித்து, அணையப்போகிறது என்ற நினைப்பிலேயே நீட்டினேன். டப் என்று ஒரு சத்தம். அடுப்பைச் சுற்றி ஒரு வட்டம் எழுந்து நின்றது. வெளிச்சத்தில் சரியாகக்கூடத் தெரியவில்லை. அவள் ஓடிப்போய் லைட்டை அணைத்தாள். நீலம். முழு வட்டம். ஒரு இடத்தில்கூட விட்டுப்போகவில்லை.

நான் அவளைப் பார்த்தேன். அடுப்பைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். இந்த முகத்துக்காகத்தான் இத்தனையும். அவள் இரண்டு கையையும் வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. இப்போது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் திரும்பிக் கூடத்துக்கு ஓடினாள். போனை எடுத்தாள்.

"அண்ணா... எரியுதுண்ணா! நெஜமா. இப்பதான்... இல்லண்ணா, அந்தக் கரைசல ஊத்தல, அது தென்னைக்குப் போயிடுச்சி. வேற யாருகிட்டயும் ஒன்னும் வாங்கல. அவுரேதான். தொட்டி வெட்டுனது, பைப்பு போட்டது, எல்லாம் அவுரு ஒருத்தரேதான். கொடிய நறுக்கி நறுக்கி கையெல்லாம் கொப்புளம்ணா அவுருக்கு. கடைய சாத்திட்டு வந்து உக்காந்து நறுக்குவாருண்ணா. ரெண்டே மாட்ட வச்சிக்குனு... ஆமாண்ணா. கெட்டிக்காரருண்ணா எங்க வீட்டுக்காரரு. அவுரு மாரி யாராலயும் முடியாதுண்ணா."

இருட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அத்தனையையும் கேட்டேன். அதே குரல். 'எங்கண்ணன்' என்று சொல்கிற அதே குரல், ஒரு சுருதிகூடக் குறையவில்லை. நான் ஆசைப்பட்ட ஒவ்வொரு சொல்லும் அதில் இருந்தது, நான் கேட்காததும் இருந்தது. எனக்கு எதிரில் ஒரு நிமிடம் முழுதாக நின்றாளே, அப்போது இதில் ஒன்றையாவது சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தோன்றவில்லை. பெருமைப்பட ஏதாவது கிடைத்தால் அதை முதலில் கொண்டுபோய்க் கொடுக்க அவளுக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. அந்த இடத்தில் இருப்பவர் போனில் ஏதோ சொல்ல, இவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

போனை வைத்துவிட்டு, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"அண்ணனுக்கு ரொம்ப சந்தோஷங்க" என்றாள்.